ஆயிரம் அர்த்தம் கேட்ட மகன், கேட்காமல் விட்ட ஒரு கேள்வி! - ஜான் ஸ்டூவர்ட் மில் தன் தத்துவத்தைக் கண்டெடுத்த கதை

லண்டனில் ஒரு வீடு. அங்கே ஒரு மேஜை. ஒரு பக்கம் அப்பா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுவது, இந்தியாவைப் பற்றிய பிரமாண்டமான வரலாற்று நூல். அதே மேஜையின் இன்னொரு பக்கம், ஆறேழு வயது மகன். அவன் கையில் கிரேக்க மொழிப் புத்தகம்.

இரண்டு வரிக்கு ஒரு முறை பையன் தலையை நிமிர்த்துகிறான். புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறான். அப்போது கிரேக்கத்துக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லும் அகராதி கிடையாது. லத்தீனில் அர்த்தம் சொல்லும் அகராதி உண்டு. ஆனால், பையனுக்கு இன்னும் லத்தீன் தெரியாது. ஆகவே, நடமாடும் அகராதி அப்பாதான்.

அந்த அப்பா பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. சட்டென்று எரிச்சல்படுகிறவர். ஆனாலும், ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்தி அர்த்தம் சொல்கிறார். மறுபடி எழுதுகிறார். மறுபடி பையன் கேட்கிறான். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

அந்தப் பையன்தான் ஜான் ஸ்டூவர்ட் மில். 19-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய தத்துவவாதிகளில் ஒருவர். தனிமனித சுதந்திரம், பெண்களுக்கு ஓட்டுரிமை, கருத்துச் சுதந்திரம் என்று இன்றைக்கு நாம் பேசும் பல விஷயங்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

ஆனால், இந்த வாரம் பார்க்கப்போவது அவருடைய சாதனைப் பட்டியலை அல்ல. அப்பா செதுக்கிச் செதுக்கி உருவாக்கிய ஒரு பையன், 20 வயதில் உள்ளுக்குள் உடைந்துபோனான். எதேச்சையாகக் கையில் எடுத்த ஒரு புத்தகம் அவனை அழவைத்தது. அதன்பிறகே, இதுதான் என் பாதை என்று அவனால் நடக்க முடிந்தது. அந்தக் கதையைத்தான் பார்க்கப்போகிறோம்.

செருப்பு தைப்பவரின் மகன் போட்ட திட்டம்

முதலில் அப்பாவைத் தெரிந்துகொள்வோம். ஜேம்ஸ் மில், ஸ்காட்லாந்தின் ஒரு கிராமத்தில் 1773-ல் பிறந்தவர். அவருடைய அப்பா செருப்பு தைக்கும் தொழில் செய்தவர். 'என் பையன் இந்த ஊரிலேயே முடங்கிவிடக் கூடாது' என்று நினைத்தவர் அம்மா. பக்கத்தில் இருந்த பிரபு குடும்பம் ஒன்று படிப்புக்கு உதவி செய்ய, ஜேம்ஸ் எடின்பரோ பல்கலைக்கழகம் வரை போனார். உதவிய பிரபுவின் பெயர் சர் ஜான் ஸ்டூவர்ட். அந்த நன்றியைத்தான் தன் மூத்த மகனின் பெயராக வைத்தார் ஜேம்ஸ்.

படிப்பு ஒருவனை எங்கிருந்து எங்கே தூக்கிவிடும் என்பதைத் தன் வாழ்க்கையிலேயே பார்த்தவர் அவர். அப்படிப்பட்ட அப்பாக்களை நமக்கும் தெரியும். நம்மூரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஜேம்ஸ் அதற்கும் ஒருபடி மேலே போனார். மகனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. சிலபஸ், வாத்தியார், பரீட்சை எல்லாம் அவர்தான்.

1806 மே 20 அன்று ஜான் பிறந்தான். மூன்று வயதில் கிரேக்கம் ஆரம்பமானது. அட்டைகளில் கிரேக்கச் சொல்லையும் அதன் ஆங்கில அர்த்தத்தையும் அப்பா எழுதிக்கொடுக்க, பையன் மனப்பாடம் செய்தான். பிறகு ஈசாப் கதைகள், ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாறு என்று நீண்டது. ஏழு வயதில் பிளேட்டோவின் ஆறு உரையாடல்களைப் படித்துவிட்டான். அதில் ஒன்றைத் தவிர்த்திருக்கலாம், அது சுத்தமாகப் புரியவில்லை என்று பெரியவரான பிறகு அவரே எழுதினார். ஏழு வயதில் புரியாததுதானே நியாயம்!

எட்டு வயதில் லத்தீன். அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். மூத்தவன் படித்த பாடத்தைத் தங்கை, தம்பிகளுக்கு அவனே சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் சரியாக ஒப்பிக்கவில்லை என்றால் கணக்கு இவன் தலையில்தான். இந்த டியூஷன் வாத்தியார் வேலை ஜானுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

லீவு? கிடையாது. உழைக்கும் பழக்கம் விட்டுப்போகும் என்பது அப்பாவின் பயம். விளையாட்டுத் தோழர்கள்? கிட்டத்தட்ட இல்லை. வெளிப் பிள்ளைகளோடு சேர்ந்தால் அவர்களைப் போலவே யோசிக்க ஆரம்பித்துவிடுவானாம். கதைப் புத்தகங்கள் கொஞ்சம் கிடைத்தன. 'ராபின்சன் குரூசோ' அவனுக்குச் சிறு வயது முழுக்க ஆசைப் புத்தகம்.

அந்தக் காலை நடைகள்

இதை மட்டும் வைத்து ஜேம்ஸ் மில்லைக் கொடுமைக்காரர் என்று முடிவுகட்டிவிட முடியாது. அந்தப் படிப்பில் ஓர் அழகும் இருந்தது.

தினமும் காலை உணவுக்கு முன்னால் அப்பாவும் மகனும் நடக்கப்போவார்கள். முதல் நாள் படித்ததைச் சிறு காகிதத் துண்டுகளில் பையன் குறித்துவைத்திருப்பான். லண்டனின் புறநகர்ப் பசுமைப் பாதைகளில் நடந்துகொண்டே, படித்த வரலாற்றை அப்பாவுக்குக் கதையாகச் சொல்வான். அப்பா கேட்பார். குறுக்குக் கேள்வி போடுவார். விளக்கம் தருவார். பசுமையும் காட்டுப் பூக்களும் அந்தக் கதைகளும் அவர் நினைவில் ஒன்றாகவே தங்கிவிட்டன.

இன்னொன்று. ஜேம்ஸ் வெறும் மனப்பாடத்தை மதித்தவர் இல்லை. பையன் தானாக யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய எதையும் அவராகச் சொல்லிவிட மாட்டார். முட்டி மோதி, முடியாமல் போன பிறகுதான் விளக்கம் வரும். 12 வயதில் தர்க்கம், 13 வயதில் பொருளாதாரம். நடந்துகொண்டே அப்பா பொருளாதாரப் பாடம் சொல்வார். மறுநாள் மகன் அதை எழுதிக்கொண்டு வர வேண்டும். தெளிவாக இல்லை என்றால் திரும்ப எழுத வேண்டும், மீண்டும் மீண்டும். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் 1821-ல் அப்பா பொருளாதார நூல் ஒன்றையே வெளியிட்டார்.

தன் வயதுக்காரர்களைவிடக் கால் நூற்றாண்டு முன்னால் நின்று வாழ்க்கையைத் தொடங்க முடிந்தது என்று பிற்காலத்தில் ஜானே கணக்குப் போட்டார். அந்தப் பெருமையில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

14 வயதில் ஜான் ஒரு வருஷம் பிரான்ஸில் தங்கக் கிளம்பினான். புறப்படும் முன் லண்டனின் ஹைட் பார்க்கில் அப்பா அவனிடம் பேசினார். உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாத பலவும் உனக்குத் தெரியும் என்பதை இனிமேல்தான் கண்டுகொள்வாய், பலர் உன்னைப் புகழ்வார்கள், ஆனால், அது உன் திறமை அல்ல, சொல்லிக்கொடுக்க மனமும் நேரமும் உள்ள ஓர் அப்பா உனக்கு வாய்த்ததுதான் காரணம் என்பது அந்தப் பேச்சின் சாரம். அதுவரை தான் அதிகம் படித்தவன் என்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது.

மகனுக்குத் தலைக்கனம் ஏறக் கூடாது என்ற அக்கறைதான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அத்தனை படித்த பிள்ளைக்கு, 'இதில் எதுவும் உன்னுடையது இல்லை' என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டது.

முதல் புத்தகம்: கிடைத்தது ஒரு மதம்

பிரான்ஸிலிருந்து திரும்பிய பிறகு, 15 வயதில் அவன் கையில் ஒரு நூலைக் கொடுத்தார் அப்பா. ஜெரமி பெந்தம் என்ற சிந்தனையாளரின் கருத்துகளை எத்தியேன் துய்மோன் பிரெஞ்சில் தொகுத்த நூல் அது. பெந்தம், ஜேம்ஸின் நெருங்கிய நண்பர். பக்கத்து வீட்டுக்காரரும்கூட.

பெந்தமின் கொள்கையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி தருவது எதுவோ, அதுவே சரி. சட்டம், தண்டனை, அரசாங்கம் எல்லாவற்றையும் இந்த ஒரே தராசில் நிறுத்துப்பார்க்க வேண்டும். 'பெரியவங்க சொன்னது', 'வழக்கமா நடக்கிறது' என்பதெல்லாம் செல்லாது.

வீட்டில் மதம் என்று எதுவும் சொல்லித்தரப்படாமல் வளர்ந்த பையனுக்கு, அந்த நூலே மதமாகிவிட்டது. கடைசிப் பாகத்தை மூடிவைத்தபோது தான் வேறு ஆளாக மாறியிருந்ததாக ஜான் பின்னாளில் எழுதினார். வாழ்க்கைக்கு ஒரு குறிக்கோள் கிடைத்தது. உலகத்தைச் சீர்திருத்த வேண்டும்!

17 வயதில் வேலை. எங்கே? கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில். இந்தியாவுக்குப் போகும் கடிதங்களைத் தயாரிக்கும் பிரிவு. அங்கே அப்பாதான் மேலதிகாரி. பகலில் ஆபீஸ், மற்ற நேரத்தில் கட்டுரைகள், விவாத மன்றம். இதற்கு நடுவே, பெந்தம் எழுதிக் குவித்த கையெழுத்துப் பிரதிகளைச் சீராக்கி, ஐந்து பாகம் கொண்ட சட்ட நூலாக்கும் வேலையும் அவர் தலையில். அப்போது வயது இருபதைத் தொடவில்லை.

வீடு அப்பாவுடையது. பாடம் அப்பாவுடையது. வேலை அப்பா வாங்கித் தந்தது. 'என்னுடைய தத்துவம்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் அப்பாவும் அப்பாவின் நண்பரும் சேர்ந்து கட்டியது. மகனுடையது என்று எது இருந்தது?

ஒரு கேள்வி, ஒரு 'இல்லை'

1826-ன் இலையுதிர் காலம். ஜானுக்கு 20 வயது. மனசு மந்தமாக இருந்த ஒரு பொழுதில் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நீ ஆசைப்படும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிஷமே நடந்துவிட்டதாக வைத்துக்கொள். உனக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்குமா?

உள்ளேயிருந்து வந்த பதில், 'இல்லை.'

அவ்வளவுதான். வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்திருந்த தூண் சரிந்தது. எதற்காக ஓடுகிறோமோ, அது கிடைத்தாலும் சந்தோஷம் வராது என்றால், எதற்காக ஓட வேண்டும்?

தூங்கி எழுந்தால் சரியாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. பிடித்த புத்தகங்களைப் புரட்டினார். எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஆனால், வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆபீஸ் போனார். எழுதினார். விவாத மன்றத்தில் பேசினார். எல்லாம் பழக்கத்தில் ஓடியது. இப்படியே போனால் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்க முடியாது என்று தோன்றியது அவருக்கு.

இன்றைக்கு இதை நாம் 'டிப்ரெஷன்' என்போம். அன்றைக்கு அப்படி எடுத்துச் சொல்லி உதவி கேட்கும் வழக்கம் இல்லை.

அவர் மனநிலை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. அவருக்கு சங்கீதம் என்றால் உயிர். அதிலும் கவலை வந்துவிட்டது. இருப்பது ஏழு ஸ்வரங்கள்தானே, அவற்றைச் சேர்த்துப் போடக்கூடிய மெட்டுகளுக்கும் ஓர் எல்லை இருக்குமே, எல்லா நல்ல மெட்டும் தீர்ந்துவிட்டால் உலகம் என்ன செய்யும் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்! பின்னாளில் அவருக்கே இது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால், அந்த நேரத்தில் அது சிரிப்பு இல்லை. கிடைக்கும் ஒவ்வொரு சந்தோஷத்தையும் எண்ணிப் பார்க்கப் பழகிய மூளை, பாட்டையும் விட்டுவைக்கவில்லை.

யாரிடம் சொல்வது?

இந்தக் கதையில் மிகவும் கனமான இடம் இதுதான். வலி வந்தால் யாரிடம் போவோம்? ஜான் தன் அப்பாவை நினைத்துப்பார்த்தார். உடனே விட்டுவிட்டார். தன் நிலைமை அப்பாவுக்குப் புரியாது என்பது ஒரு காரணம். புரிந்தாலும், அதைக் குணப்படுத்த அவரால் முடியாது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், அவருடைய படிப்பு முழுக்க அப்பாவின் உழைப்பு. அது தோற்றுவிட்டது என்று சொல்லி அந்த மனிதரை ஏன் காயப்படுத்த வேண்டும்?

அப்பாவிடம் அவருக்குக் கோபம் இல்லை, பாசம் இருந்தது. அந்தப் பாசமே வாயைக் கட்டிவிட்டது. 'அவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவெச்சாங்க, அவங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது' என்று ஹாஸ்டல் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த வலி தெரியும்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே? தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய ஜான், அச்சான அந்த நூலில் அம்மாவைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. ஒன்பது பிள்ளைகள் பெற்று வளர்த்த ஹாரியட் என்ற அந்தப் பெண், மகனின் கதையில் இல்லை. அந்த வீட்டில் அறிவு எங்கே இருந்தது, அன்பு எங்கே இல்லாமல் போனது என்பதை இந்த மௌனம் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது புத்தகம்: வந்தது கண்ணீர்

ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, எதேச்சையாக ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மார்மோந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகள். தத்துவ நூல் இல்லை. யாரும் படிக்கச் சொன்னதும் இல்லை.

அதில் ஓர் இடம். மார்மோந்தெல் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோகிறார். குடும்பமே நிலைகுலைந்து நிற்கிறது. அந்த நேரத்தில் சிறுவனுக்குள் ஏதோ ஓர் உறுதி பிறக்கிறது. இனி இவர்களுக்கு எல்லாமாகவும் நான் இருப்பேன், இழந்ததை எல்லாம் நான் நிரப்புவேன் என்று முடிவெடுக்கிறான். குடும்பத்துக்கும் அந்த நம்பிக்கையைத் தருகிறான்.

படித்துக்கொண்டிருந்த ஜானின் கண்களில் தண்ணீர் வழிந்தது.

அப்பா இறந்துபோகும் காட்சி ஏன் அழவைத்தது என்று உளவியல் விளக்கம் தேடியவர்கள் உண்டு. ஜானுக்கு அந்தக் கண்ணீரே போதுமானதாக இருந்தது. தனக்குள் உணர்ச்சியே செத்துவிட்டது, தான் ஒரு கட்டையாகவோ கல்லாகவோ ஆகிவிட்டோம் என்று பயந்துகொண்டிருந்தவர் அவர். அழ முடிகிறது என்றால், இன்னும் உயிர் இருக்கிறது!

அன்றிலிருந்து பாரம் குறையத் தொடங்கியது. ஒரேயடியாகக் குணமாகவில்லை. பல முறை திரும்ப வந்தது. ஆனால், அந்த அளவுக்குக் கீழே அவர் மறுபடி விழவில்லை.

மூன்றாவது புத்தகம்: மலைகள் திரும்பி வந்தன

1828-ன் இலையுதிர் காலத்தில் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைக் கையில் எடுத்தார். அதற்கு முன்பே பைரனைப் படித்துப்பார்த்திருந்தார். பயன் இல்லை. பைரனின் நாயகர்கள் வாழ்க்கையே சலித்துப்போனவர்கள். தன்னைப் போலவே புலம்புகிறவர்களிடம் என்ன மருந்து கிடைக்கும்?

வேர்ட்ஸ்வொர்த் வேறு மாதிரி. மலை, ஏரி, வயல், அங்கே வாழும் சாதாரண மனிதர்கள். ஜானுக்கோ 14 வயதில் பிரான்ஸில் பார்த்த பிரனீஸ் மலைகள் மனசுக்குள் அப்படியே இருந்தன. கவிதைகள் அந்த இடத்தைத் தொட்டன. வெறும் வர்ணனையாக இருந்திருந்தால் அவரை அசைத்திருக்காது. அந்தக் காட்சிகளைப் பார்க்கும் மனசின் உணர்வு கவிதையில் இருந்தது. இந்தச் சந்தோஷம் போட்டியில் ஜெயித்து வாங்குவது இல்லை, எல்லோரும் பகிர்ந்துகொள்ளக்கூடியது, போராட வேண்டிய பிரச்னைகள் எல்லாம் தீர்ந்த பிறகும் தீராமல் இருக்கக்கூடியது என்று கண்டுகொண்டார். அவருடைய பழைய கேள்விக்கு, மெட்டுகள் தீர்ந்துபோகும் என்ற பயத்துக்கும் சேர்த்து, இங்கே பதில் கிடைத்தது.

இந்த அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வந்தார் ஜான். இவைதான் அவருடைய சொந்தத் தத்துவத்தின் முதல் செங்கற்கள்.

ஒன்று, சந்தோஷத்தைக் குறிவைத்து ஓடினால் அது கிடைக்காது. பிறர் நலமோ, ஒரு கலையோ, ஒரு வேலையோ, வேறொன்றில் மனசை வைத்தால், போகிற வழியில் அது தானாக வந்து சேரும். சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தால் ஓடிவிடும்.

இரண்டு, அறிவை வளர்ப்பதுபோலவே உணர்வுகளையும் வளர்க்க வேண்டும். கவிதையும் சங்கீதமும் ஓவியமும் படிப்புக்கு நடுவே வரும் டைம்பாஸ் இல்லை. அவையும் படிப்புதான்.

அப்பாவைத் தூக்கி எறியவில்லை

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் மகன் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியேறுவான். ஜான் அப்படிச் செய்யவில்லை. அதுதான் அவரிடம் கவனிக்க வேண்டியது.

1829-ல் மெக்காலே, ஜேம்ஸ் மில்லின் அரசியல் கட்டுரை ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டார். நம் கல்வி வரலாற்றில் அடிக்கடி அடிபடும் அதே மெக்காலேதான். அப்பா சொன்ன பதில் மகனுக்குத் திருப்தி தரவில்லை. மெக்காலே சொன்னதிலும் முழு உடன்பாடு இல்லை. இரண்டு பேரும் எங்கே தவறினார்கள் என்று உட்கார்ந்து யோசித்தார். அந்த யோசனை வளர்ந்து, 1843-ல் தர்க்கம் குறித்த பெரிய நூலாக வெளிவந்தது. தானாக யோசித்துப்பார்க்க வேண்டும் என்பது யார் கற்றுக்கொடுத்த பாடம்? அப்பாதான்! அப்பா கொடுத்த கருவியை வைத்தே அப்பாவின் வாதத்தை அளந்தார் மகன்.

1836-ல் ஜேம்ஸ் மில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து பெந்தம் பற்றி ஜான் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய பெருமைகளையும் சொன்னார். மனித மனசின் பாதி அவருக்குத் தெரியவே இல்லை என்பதையும் சொன்னார்.

சந்தோஷத்தின் அளவு சமம் என்றால், சின்னப் பிள்ளை விளையாட்டும் கவிதையும் ஒன்றுதான் என்பது பெந்தமின் கட்சி. 1861-ல் பயன்பாட்டுக் கொள்கை பற்றி எழுதியபோது ஜான் இதைத் திருத்தினார். சந்தோஷத்தில் அளவு மட்டும் போதாது, தரமும் முக்கியம். வீட்டின் அஸ்திவாரம் அதேதான். ஆனால், ஜன்னல்களை அவர் திறந்துவிட்டார். அந்த ஜன்னல் எங்கே திறந்தது என்று நமக்குத் தெரியும்.

தானே தேர்ந்தெடுத்த குடும்பம்

பிறந்த குடும்பம் பாதி ஜானை உருவாக்கியது என்றால், மீதியில் பெரும் பங்கு ஹாரியட் டெய்லருடையது. 1830-ல் சந்தித்தார்கள். அவர் அப்போது திருமணமானவர். இருபது வருஷ நட்பு, ஊர் வாய்க்கு நிறைய அவல். கணவர் இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1851-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

திருமணத்துக்கு முன்னால் ஜான் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி மீதும் அவருடைய சொத்து மீதும் சட்டம் கணவனுக்குத் தரும் அதிகாரங்களை நான் ஏற்கவில்லை, அவற்றைப் பயன்படுத்தவும் மாட்டேன் என்ற உறுதிமொழி அது. தத்துவம் புத்தகத்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்த இடம் அது.

இருவரும் சேர்ந்து யோசித்து, சேர்ந்து திருத்திய நூல்தான் 'சுதந்திரம் பற்றி'. அது வெளிவருவதற்கு முன்பே, 1858-ல் பிரான்ஸின் அவிஞோன் நகரில் ஹாரியட் இறந்துபோனார். 1859-ல் வெளியான அந்த நூல் அவருக்கே சமர்ப்பணம். ஊர் வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் ஒரு வாழ்க்கையை வாழக் கூடாது, பிறருக்குத் தீங்கு செய்யாத வரை தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று அந்த நூல் வாதாடுகிறது. அச்சில் வார்த்ததுபோல வளர்க்கப்பட்ட ஒருவர் இதை எழுதினார் என்று தெரிந்து படித்தால், அந்தப் பக்கங்கள் வேறு மாதிரி கேட்கும்.

பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1867 மே 20 அன்று, தன் 61-வது பிறந்தநாளில், ஓட்டுரிமைச் சட்டத்தில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போட வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றது. ஆனால், பெண்களின் ஓட்டுரிமை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்துவிட்டது.

நமக்கு ஒரு நெருடல்

இந்தியர்களான நாம் இந்தக் கதையைக் கைதட்டி மட்டும் முடித்துவிட முடியாது. 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஜான். அப்பா வகித்த அதே தலைமைப் பொறுப்புக்கு 1856-ல் வந்தார். சென்னை மாகாணம் உட்பட இந்தியாவின் பெரும்பகுதி அந்தக் கம்பெனியின் கையில் இருந்த காலம். அப்பாவைப் போலவே அவரும் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.

சுதந்திரத்தைப் பற்றி அத்தனை உருகி எழுதிய அதே நூலில், 'முதிர்ச்சி அடையாத' சமூகங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கும் எழுதிவைத்தார். அவர் பார்வையில் அந்தப் பட்டியலில் நாமும் உண்டு. அப்பா மேஜையில் உட்கார்ந்து, இந்தியாவையே பார்க்காமல் எழுதிய வரலாற்றின் நிழல் அது. அர்த்தம் கேட்டுக்கொண்டே வளர்ந்த மகன், அந்த ஒரு பாடத்தை மட்டும் கடைசி வரை குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. வீட்டில் கற்றதில் எதை விட்டோம் என்று நமக்குத் தெரியும். எதை விடாமல் வைத்திருக்கிறோம் என்பது பல நேரம் நமக்கே தெரிவதில்லை.

அந்த மேஜைக்குத் திரும்புவோம்

1873 மே மாதம் அவிஞோனில் மில் இறந்தார். மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம். அதே வருஷம் அவருடைய வாழ்க்கை வரலாறு வெளியானது. 20 வயது நெருக்கடியை ஒளிக்காமல் அதில் எழுதியிருந்தார். அந்த வயதில் யாரிடமும் சொல்ல முடியாததை, அப்பா இறந்து பல வருஷம் கழித்து உலகத்துக்கே சொன்னார்.

ஜேம்ஸ் மில் மோசமான அப்பாவா? தன் எழுத்தை நிறுத்தி, மகனுக்கு ஆயிரம் சொற்களுக்கு அர்த்தம் சொன்னவர் எப்படி மோசமானவராக இருக்க முடியும்? அவரிடம் குறைந்தது கனிவு என்று மகனே எழுதினார். அது அவருக்கு இல்லை என்பதல்ல, வெளியே காட்ட வெட்கப்பட்டார் என்பதே மகனின் கணிப்பு. கடைசிப் பிள்ளைகளிடம் அவர் அவ்வளவு கடுமையாக இல்லை. அவர்கள் அவரிடம் ஒட்டுதலாகவே இருந்தார்களாம்.

நம் வீடுகளிலும் அந்த மேஜை இருக்கிறது. மேஜைக்கு ஒரு பக்கம் ஹோம்வொர்க், இன்னொரு பக்கம் அம்மாவோ அப்பாவோ. கணக்கில் சந்தேகம் வந்தால் பிள்ளை கேட்கிறது. ஃபார்முலா மறந்தால் கேட்கிறது. ஜானும் கேட்டான். எந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றாலும் கேட்கும் தைரியம் அவனுக்கு இருந்தது.

'அப்பா, எனக்கு எதுவுமே பிடிக்கலை' என்பதை மட்டும்தான் அவனால் அந்த மேஜையில் சொல்ல முடியவில்லை.

இன்று இரவு பிள்ளைகளோடு உட்காரும்போது, பாடம் முடிந்த பிறகும் ஐந்து நிமிஷம் எழுந்திருக்காமல் இருந்துபாருங்கள்.